வண்டி பத்திரமாக இருக்கிறது

எங்கள் ஜீப்பைத் திருடியவன் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சண்டைக்கு வரக்கூடாது. அவன் துப்பாக்கியைக் காட்டினான். "அப்பா, கொஞ்சம் இறங்கிக்கங்க" என்று மரியாதையாகச் சொன்னான். பின் சீட்டில் கிடந்த என் நூல் பையை எடுத்துக் கையில் கொடுத்தான், ஜீப்பை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். மொத்தம் இரண்டு நிமிஷம். ஒரு படிவம் இல்லை, ஒரு கையெழுத்து இல்லை. அதற்கப்புறம் மீட்பு என்று ஒன்று வந்ததே, அதுதான் நாலு மாதம் என்னை அலைக்கழித்தது.

ஜீப் என் ஒருவனுடையது அல்ல. மலை மேலே நாங்கள் நானூறு பேர். நாலு வருஷக் காபியை ஒன்றாக விற்று வாங்கிய வெள்ளை ஜீப், நெருக்கி உட்கார்ந்தால் பத்துப் பேர் போகலாம். ஓட்டுகிறவன் நான், கமில்லஸ். உருளைக்கிழங்கு மூட்டை, நோயாளி, பள்ளிக்கூடத்துப் பலகை எல்லாம் அதில்தான் இறங்கும், ஏறும். எங்கள் பாதையில் வேறு எந்த டிரைவரும் வண்டியை ஏற்றமாட்டான். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

அது போன சமயத்தில் என் மகள் ஓடிலியாவுக்கு ஐந்தாம் மாதம். தலைப்பிரசவம். மருமகன் கடல் தாண்டி சுரங்க வேலையில் இருக்கிறான். மலையில் இருக்கிற ஒரே நர்ஸ் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"குழந்தை குறுக்க கிடக்கு. திரும்பினா நல்லது. திரும்பலன்னா இங்க வச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது. வலி எடுத்ததும் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடணும். தூக்கிட்டு நடக்கற கதையெல்லாம் வேணாம், கமில்லஸ். ஜீப்பைக் கொண்டா."

ஆகவே மூன்றாம் நாள் ரேடியோவில், "காவல்துறையின் தீவிர வேட்டையில் வெள்ளை ஜீப் ஒன்று மீட்கப்பட்டது" என்று வாசித்தபோது நாங்கள் ரேடியோவைக் கட்டிக்கொண்டு அழுதோம். பன்றி அடித்தோம். வேட்டை என்னவென்று பிறகுதான் தெரிந்தது. டீசல் தீர்ந்து ரோட்டோரம் விட்டுப்போன வண்டியை ஒரு பாக்குக்காரி பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

சந்தோஷத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஸ்டேஷனில் மீட்ட வண்டிகளுக்குப் பொறுப்பான சார்ஜென்ட் என் மச்சான். என் மனைவி லுட்வினாவின் கூடப்பிறந்த தம்பி. அவன் பேரைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். எங்கள் பக்கம் மச்சான் பேரை வாயால் சொன்னால் அதோடு உறவு அறுந்தது, பிறகு பரிகாரமாகப் பன்றி கொடுத்தாலும் மறுபடி ஒட்டாது. என் வம்சத்தில் அத்தனை ஆண்களுக்கும் அவன் மச்சான் முறை. அதனால் மலை முழுக்க அவனுக்குப் பேரே கிடையாது. லுட்வினா மட்டும் சொல்லலாம், அவள் அவனுக்கு அக்கா.

மிச்சப் பன்றியில் ஒரு காலை வாழை இலையில் கட்டி எடுத்துக்கொண்டு டவுனுக்கு இறங்கினேன்.

மீட்ட வண்டிகள் நிற்கிற இடம் ஸ்டேஷனுக்குப் பின்னால், கம்பி வேலி போட்ட மைதானம். நாற்பது வண்டிக்கு மேல் இருக்கும். சிலதுக்கு டயர் இல்லை, சிலதுக்கு என்ஜின் இல்லை. ஒன்றுக்குக் கதவு, சீட்டு, ஸ்டியரிங் எல்லாம் போய் வெறும் கூடு நின்றது. இடையில் போலீஸ்காரர்களின் மனைவிமார் சக்கரைவள்ளிக் கொடி நட்டிருந்தார்கள். கொடி ஒரு பஸ்ஸுக்குள் ஏறி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. எங்கள் ஜீப் மட்டும் வாசல் பக்கம் கழுவித் துடைத்து நின்றது.

"பாத்தீங்களா மச்சான்?" என்றான் அவன், பன்றிக்காலை வாங்கிக்கொண்டே. "வண்டி பத்திரமா இருக்கு."

"மத்ததெல்லாம் ஏன் மச்சான் இப்படி?"

"அதுவும் பத்திரமாத்தான் இருக்கு. கொஞ்சம் இங்க, கொஞ்சம் வேற வேற இடத்துல."

ஒரு காகிதத்தை நீட்டினான். "இங்க ஒரு கையெழுத்து."

போட்டேன். வாசிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மச்சான் நீட்டுகிற காகிதத்தை அவன் முன்னாலேயே வாசிப்பது, அவன் கொடுத்த கிழங்கை முகர்ந்து பார்ப்பதுபோல. எங்கள் மலையில் எவனும் செய்யமாட்டான்.

"சாவி, மச்சான்?"

"சாவியா?" அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "விசாரணை முடியற வரைக்கும் வண்டியைக் காவல்துறை உபயோகத்துக்கு மனமுவந்து ஒப்படைக்கிறேன்னு இப்பத்தானே கையெழுத்து போட்டீங்க? எங்க கமாண்டர் பார்த்தா மனசு குளுந்துடுவாரு."

வீட்டுக்கு வந்து சொன்னேன். லுட்வினா அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. "என் தம்பி செஞ்சா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்யா" என்றாள். நானும் அதைத்தான் நம்பினேன்.

அடுத்த வாரம் போனேன். வண்டி உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டும், பதிவுப் புத்தகம் எங்கே என்றான்.

"ஜீப்புக்குள்ள, முன் பெட்டியில இருக்கு மச்சான்."

"ஜீப் பூட்டியிருக்கே."

"சாவி உங்க கையிலதானே இருக்கு?"

"இருக்கு. ஆனா அது சாட்சிப் பொருள். சொந்தக்காரர் வந்தாத்தான் திறக்கலாம்."

"நான்தானே வந்திருக்கேன்!"

"அதுக்குத்தான் மச்சான் பதிவுப் புத்தகம் கேக்கறேன்." அவன் முகத்தில் அவ்வளவு வருத்தம். எனக்கு ஒரு பாக்கு கொடுத்தான், சுண்ணாம்பும் அவனே கொடுத்தான். விதி அப்படி இருக்கிறது, என்ன செய்ய என்று இருவரும் உட்கார்ந்து மென்றோம். எழுந்து வரும்போது நான்தான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன்.

திருடனைப் பிடித்தால் விசாரணை முடியும், விசாரணை முடிந்தால் ஜீப் கிடைக்கும். எனக்கு அது புரிந்தது. பிடிப்பதற்கு ஸ்டேஷனில் ஓடுகிற வண்டி இல்லை என்றார்கள். இருக்கிற ஒரே வண்டி எங்கள் ஜீப். அதற்கும் டீசல் இல்லை. மலையில் வீடு வீடாகச் சொல்லி ஒரு பீப்பாய் டீசல் கொண்டுவந்து கொடுத்தோம். அடையாளம் காட்ட நானும் வரவேண்டும் என்பதால் கைதிகளுக்காக அவர்கள் பின்னால் அடித்திருந்த கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்தேன். முன்னால் உட்கார இடமில்லை, கமாண்டரின் மனைவி இருந்தார்.

திருடனைச் சந்தையில் தேடினோம். அந்த அம்மாள் கீரை வாங்கும் வரைக்கும் தேடினோம். அவர் தங்கை வீட்டில் தேடினோம், அங்கே சாப்பாடு கொடுத்தார்கள். தையல்காரி கடையில் வெகுநேரம் தேடினோம். சாயங்காலம் மச்சான் நோட்டில், "சந்தேகத்துக்குரிய நபர் தலைமறைவு. தேடுதல் தொடர்கிறது" என்று எழுதினான். பீப்பாய் தீர்ந்துபோயிருந்தது.

ஓடிலியாவுக்கு ஏழாம் மாதம். குழந்தை திரும்பவில்லை என்று நர்ஸ் மறுபடி சொன்னாள். நான் மச்சானிடம் போய் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டேன். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என் அக்கா மக! நான் கையில தூக்கி வளர்த்த புள்ள! என்ன மச்சான் இதுக்குப் போய் கெஞ்சறீங்க? வலி எடுத்ததும் ஒரு போன் போடுங்க. நானே ஜீப்பை எடுத்துட்டு வரேன். இது தாய்மாமன் வாக்கு."

லுட்வினாவிடம் சொன்னேன். "நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்றாள். அன்றைக்கு அவள் பாட்டுப் பாடிக்கொண்டே கிழங்கு பறித்தாள்.

இதற்கிடையில் எங்கள் ஜீப்பின் இரண்டு பக்கமும் நீலப் பட்டை அடித்துவிட்டார்கள். பட்டை இல்லாத வண்டியை போலீஸ் ஓட்டுவது விதிமீறலாம். விதிமீறக்கூடாது என்பதற்காக அடித்ததாம். கம்பி வேலிக்கும் பட்டை அடித்து, "மீட்கப்பட்ட வாகனப் பாதுகாப்பு வளாகம்" என்று பலகை மாட்டித் திறப்பு விழா வைத்தார்கள். வண்டி பறிகொடுத்தவர்கள் எல்லாரும் கட்டாயம் வரவேண்டும், ஆளுக்கொரு கோழி கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கற்களைச் சுடவைத்துக் குழியில் கோழியும் கிழங்கும் வேகவைத்தார்கள். இறகு கட்டிக்கொண்டு ஒரு கூட்டம் ஆடியது. கமாண்டர் வாரேகா எழுந்து பேசினார்.

"அன்பான பொதுமக்களே! முன்னெல்லாம் உங்க வண்டி திருட்டுப் போனா அது எங்க இருக்குன்னே தெரியாது. தவிச்சுப் போவீங்க. இன்னைக்கு அந்தக் கவலை இல்லை. எங்க இருக்குன்னு தெரியும். வேலிக்கு வெளிய நின்னு கண்ணாரப் பார்க்கலாம். செவ்வாய், வியாழன் பார்வை நேரம்."

கை தட்டினோம்.

"நான் பொறுப்பேத்து மூணு வருஷம் ஆச்சு. இந்த வளாகத்துக்குள்ள வந்த ஒரு வண்டிகூட மறுபடி திருட்டுப் போனதில்லை. எப்படி? ஒண்ணையும் நாங்க வெளிய விட்டதில்லை! சொந்தக்காரர்கிட்ட திருப்பிக் குடுத்தா என்ன ஆகும்? ரோட்டுல ஓட்டுவாரு. திருடன் பார்ப்பான். யோசிச்சுப் பாருங்க, குத்தம் எங்க ஆரம்பிக்குது? சொந்தக்காரர்கிட்டதான் ஆரம்பிக்குது."

மறுபடி தட்டினோம், கொஞ்சம் யோசித்துவிட்டு.

"போலீஸ்காரங்க அந்த வண்டிகளை ஓட்டறாங்கன்னு சில பேரு புரளி கிளப்பறாங்க. நிறுத்தியே வச்சா வண்டி கெட்டுடும். அது கெடக்கூடாதுன்னு என் மனைவி, ஒரு சம்பளம் வாங்காம, வாரத்துக்கு மூணு நாள் சந்தைக்குப் போயிட்டு வர்றாங்க. அவங்க தியாகத்துக்கு ஒரு தடவை கை தட்டுங்க!"

அந்த அம்மாள் எழுந்து கும்பிட்டார். நான் கொண்டுபோன கோழியின் தொடை அவர் கையில் இருந்தது.

அன்றைக்குத்தான் எனக்குச் சுருக்கென்றது. போலீஸ் மேலேயே புகார் கொடுக்க ஸ்டேஷனில் ஒரு மேசை உண்டு. அங்கே கான்ஸ்டபிள் மோரியா இருந்தாள். கடற்கரைப் பக்கத்துப் பெண், நல்ல பெண். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாக எழுதிவிட்டு, "எந்த அதிகாரி? பேரு சொல்லுங்க" என்றாள்.

நான் நூல் பைக்குள் பாக்கைத் தேடினேன்.

"ஐயா, பேரு?"

"வண்டிகளுக்குப் பொறுப்பா இருக்காரே, அவருதான்மா."

"அது எனக்குத் தெரியும். கட்டத்துல புகார் குடுக்கறவர் வாயால சொன்ன பேரைத்தான் எழுதணும்."

"கொஞ்சம் தொப்பை இருக்கும். இடது காதுல ஒரு வெட்டு."

"தொப்பையை எப்படிய்யா எழுதறது? இங்க எல்லாருக்கும் இருக்கே."

"என் மச்சான்மா அவரு!"

அவளுக்கு எங்கள் வழக்கம் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் பேனாவைக் கீழே வைத்தாள். "உங்க வீட்டம்மா வந்து சொல்லலாமே?"

வீட்டம்மாவைக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவன் எனக்குப் பொறந்த வீட்டு ரத்தம். என் வாயாலயே அவனைக் காட்டிக் குடுக்கச் சொல்றியா? தாய்மாமன் வாக்கு குடுத்திருக்கான். வருவான்யா."

புகார் திரும்பி வந்தது. "பெயர் தெரியாத அதிகாரி. அப்படி யாரும் இங்கு பணியில் இல்லை. கோப்பு மூடப்பட்டது."

ஸ்டேஷன் வாசலில் மச்சான் என் தோளில் கை போட்டான். "கேள்விப்பட்டேன் மச்சான். அவ்வளவு வற்புறுத்தியும் பேரைச் சொல்லலியாமே! இந்தக் காலத்துல யாரு மச்சான் இப்படி மரியாதை பார்க்கறா? உங்களை மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் நாங்க நிம்மதியா வேலை பார்க்கறோம்." அவன் வாய் மரியாதை பேசியது, கண் சிரித்தது. முதல் நாள் அந்தக் காகிதத்தை நீட்டும்போதே, நான் வாசிக்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். என் நல்ல குணத்தையே கயிறாகத் திரித்து என்னைக் கட்டியிருக்கிறான். இதை லுட்வினாவிடம் மட்டும் சொல்லவில்லை.

ஒரு விடிகாலையில் ஓடிலியாவுக்கு வலி எடுத்தது. மேட்டில் ஏறி நின்றால்தான் போன் பேசும். ஏறி நின்று கூப்பிட்டேன்.

"கிளம்பிட்டேன் மச்சான்! நீங்க பெரிய ரோட்டுக்குக் கொண்டு வந்துடுங்க. அஞ்சு நிமிஷம்."

இரண்டு மூங்கிலுக்கு நடுவில் கம்பளி கட்டி, எட்டுப் பேர் மாற்றி மாற்றித் தூக்கினோம். சேற்றில் வழுக்கினால் அவள் அலறுவாள், நாங்கள் நிற்போம். நர்ஸும் லுட்வினாவும் கூடவே ஓடிவந்தார்கள். பெரிய ரோட்டை அடையும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அங்கே ஜீப் இல்லை. மறுபடி போன் போட்டேன். "வந்துட்டே இருக்கேன் மச்சான்." இன்னும் ஒரு மணி நேரம் போயிற்று, வந்த ஒன்றிரண்டு வண்டியும் கை காட்டியும் நிற்கவில்லை. ஓடிலியாவின் உதடு வெளுத்துவிட்டது.

ஜீப் வந்தது. நீலப் பட்டையோடு, டவுனை நோக்கித்தான் வந்தது. எங்களைப் பார்த்து வேகம் குறைத்தது. ஓட்டுகிறவன் மச்சான். பக்கத்தில் கமாண்டரின் மனைவி, பின்னால் கிழங்கு மூட்டைகள், கால் கட்டின ஒரு பன்றி. கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினான்.

"மச்சான், ஒரு சின்ன சிக்கல். வண்டி இப்ப சாட்சிப் பொருளாப் பதிவாகியிருக்கு. பொதுமக்களை ஏத்தினா சாட்சி கலைஞ்சிடும்."

"உள்ள பன்னி இருக்கே மச்சான்!"

"பன்னி பொதுமக்கள் இல்லியே."

"மாமா" என்றாள் ஓடிலியா. கத்தவில்லை, அதற்கு அவளிடம் தெம்பில்லை.

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. "கீரை வாடுது சார்ஜென்ட்" என்றார் அந்த அம்மாள்.

"மேடத்தை இறக்கிட்டு உடனே திரும்பி வரேன். பயப்படாதீங்க, வண்டி பத்திரமா இருக்கு."

போய்விட்டான்.

லுட்வினா ரோட்டோரத்தில் உட்கார்ந்து, சேற்றை இரண்டு கையாலும் அள்ளி நெற்றியிலும் கன்னத்திலும் பூசிக்கொண்டாள். சாவு வீட்டில் பூசுகிற சேறு. எனக்கு உயிரே போய்விட்டது, மகளைத்தான் பார்த்தேன். மகளுக்கு மூச்சு இருந்தது. லுட்வினா மகளைப் பார்க்கவில்லை, ஜீப் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஒரு புது வண்டி கிறீச்சென்று நின்றது. சாம்பல் நிறப் பிக்கப், சீட்டில் பாலிதீன்கூடப் பிரிக்கவில்லை. ஓட்டியவன் எட்டிப் பார்த்தான். நாலு மாதத்துக்கு முன்னால் எனக்குத் துப்பாக்கி காட்டிய அதே ஆள்.

"அப்பா, நீங்களா? என்ன இது, ரோட்டுல போட்டு வச்சிருக்கீங்க? தூக்குங்க, தூக்குங்க! தலையை இந்தப் பக்கம் வைங்க."

"இது யாரு வண்டி?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் கேட்டேன், அப்படிப்பட்ட முட்டாள் நான்.

"என்னது இல்லப்பா. ஆனா ஓடும்."

தூக்கி வந்தவர்கள் எல்லாரும் பின்னால் தொற்றிக்கொண்டார்கள். பள்ளம் வந்தால் மெதுவாக, நல்ல ரோட்டில் பறந்து ஓட்டினான். ஓட்டிக்கொண்டே பேசினான், நான் பயப்படக்கூடாது என்றுதான். "உங்க ஜீப்புல பிரேக் சரியில்லப்பா. நான்தான் சரி பண்ணேன். ரெண்டு நாள் வேலை முடிஞ்சதும் உங்க மலையடியில விட்டுடலாம்னுதான் இருந்தேன். நடுவுல டீசல் தீந்துபோச்சு. போலீஸ் கையில சிக்கிடுச்சுன்னு கேட்டதும் எனக்கே மனசு கேக்கல." தன் பேர், அப்பன் பேர், ஊர் எல்லாம் சொன்னான். ஆஸ்பத்திரி வாசலில் ஓடிலியாவைத் தன் கையால் தூக்கி உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்தான். திரும்பிப் பார்த்தபோது ஆளைக் காணோம். வண்டி வாசலிலேயே நின்றது, சாவியோடு.

வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்றார் டாக்டர். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அழுது முடிப்பதற்குள் போலீஸ் வந்துவிட்டது. சாம்பல் நிற வண்டியை மீட்க. மச்சான் முன்னால் வந்தான், எழுதுவதற்கு மோரியா பின்னால் வந்தாள். இவ்வளவு சீக்கிரம் அவர்கள் எந்த இடத்துக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

"புள்ளைக்கு ஒண்ணும் இல்லியே? நல்லது, நல்லது. நான் திரும்பி வந்தேன் மச்சான், நீங்கதான் இல்ல." அவன் குரலைத் தாழ்த்தினான். "இப்ப முக்கியமான விஷயம். இதை ஓட்டிட்டு வந்தவனை நீங்க பார்த்திருக்கீங்க. அவன் பேரைச் சொன்னா உங்க விசாரணையும் முடிஞ்சிடும், ஜீப்பும் கிடைச்சிடும். பேரு என்ன?"

"தெரியும். சொல்லக் கூடாது."

"ஏன்?"

"என் மகளைத் தூக்கிட்டு வந்து உசுரைக் காப்பாத்தினான். தாய்மாமன் செய்ய வேண்டியதை அவன் செஞ்சான். இனிமே அவன்தான் எனக்கு மச்சான். மச்சான் பேரை வாயால சொல்ற வழக்கம் எங்களுக்குக் கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியாதா, சார்ஜென்ட்?"

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் அவனை மச்சான் என்று சொல்லாமல் பதவியைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மோரியாவிடம் திரும்பினேன்.

"ஒரு புகார்ப் படிவம் எடும்மா."

அவள் எடுத்தாள். நான் லுட்வினாவைப் பார்த்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், முகத்துச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. தம்பியும் அவளைத்தான் பார்த்தான். "அக்கா" என்றான்.

"சொல்லுய்யா" என்றாள் அவள் என்னிடம். "நான் காதைப் பொத்திக்க மாட்டேன்."

வராந்தாவில், தூக்கி வந்த எங்கள் மலை ஆட்கள் நின்றார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"எழுதிக்கம்மா. அலோயிசியஸ். அலோயிசியஸ் கெரென்கா. விளங்கலன்னா இன்னொரு தடவை சொல்றேன்."